ஒழுகுகிற வீட்டின் அசல் வரைபடம்

"அந்த வீட்ல வளர்ந்த அனுபவத்தை ஒரே வார்த்தையில சொல்லணும்னா எப்படிச் சொல்வீங்க டாக்டர்?" என்று கேட்டார் முனைவர்.

"ஒழுகும்" என்றேன்.

நான் பல் டாக்டர். அன்று கிளினிக்கில் கூட்டம். உட்கார வேறு இடமில்லாததால் முனைவர் நோயாளி நாற்காலியில் பாதி படுத்தபடி, மடிக்கணினியை வயிற்றின் மேல் வைத்துக்கொண்டு பேட்டி எடுத்தார். அந்த நாற்காலியில் படுத்தவர்களில் என்னை வாயைத் திறக்கச் சொன்னவர் அவர் ஒருவர்தான். என் பெரியம்மா கட்டிய கட்டடங்களை ஆராய்ந்து பட்டம் வாங்கியவர் என்பதால் பொறுத்துக்கொண்டேன்.

நான் சொன்ன ஒரு வார்த்தையை அவர் பயபக்தியோடு தட்டிக்கொண்டார். சில மாதங்கள் கழித்து அவருடைய கட்டுரை வந்தது. "அகமும் புறமும் ஒன்றுக்குள் ஒன்று ஒழுகிச் செல்லும் இல்லம்" என்று எழுதியிருந்தார். அடிக்குறிப்பில் ஆதாரமாக என் பெயர். அம்மாவிடம் படித்துக் காட்டினேன்.

"எங்க ஒழுகிச் செல்லுச்சு? ஒழுகி அங்கேயே நின்னுச்சு. நாமதானே துடைச்சோம்" என்றாள் அம்மா.

பெரியம்மா அம்மாவுக்கு அக்கா. கட்டடக்கலை படித்து, சொந்தப் பெயரில் பலகை மாட்டிய முதல் பெண் எங்கள் ஊரில் அவர்தான். இப்படிச் சொன்னால் ஏதோ விளக்கேந்தி நடந்த மாதிரி இருக்கும். உண்மையில் அவர் முதலில் நடந்தது தபால் நிலையத்துக்கு. அவர் சேர்ந்த கல்லூரியில் பெண்களுக்குக் கழிப்பறை இல்லை. ஒரு பெண் வந்து படிப்பாள் என்று அதைக் கட்டியவர்களுக்குத் தோன்றவே இல்லை. பெரியம்மா வகுப்புக்கு நடுவே சாலையைக் கடந்து எதிரிலிருந்த தபால் நிலையத்துக்குப் போவார். சும்மா போனால் முறைப்பார்கள் என்று ஒவ்வொரு முறையும் ஒரு தபால்தலை வாங்குவார். யாருக்கும் கடிதம் எழுதும் பழக்கமில்லாத ஆள். அப்படிச் சேர்ந்த தபால்தலைகளை வைத்துப் பிற்பாடு பக்கத்து வீட்டுக்காரர் ஒருவர் சேகரிப்பாளர் என்று பெயர் வாங்கினார்.

மூன்றாம் ஆண்டில் பயிற்சிக்காக ஆளுக்கொரு கட்டடம் வரையச் சொன்னார்கள். பையன்கள் எல்லோரும் விமான நிலையம், நாடாளுமன்றம் என்று வானத்தை வில்லாக வளைத்தார்கள். பெரியம்மா இரண்டு அறையும் ஒரு கை கழுவும் இடமுமாகக் கழிப்பறை வரைந்தார். பேராசிரியர் அதை வகுப்பில் தூக்கிக் காட்டிச் சிரித்தார். ஆண்டு விழா வந்தது. பட்டுச் சேலையும் நகையுமாக வந்த கல்லூரி முதல்வரின் மனைவிக்கு இடைவேளையில் தபால் நிலையத்துக்குப் போக நேர்ந்தது. அன்று தபால் நிலையத்துக்கு விடுமுறை. அடுத்த மாதமே அஸ்திவாரம் தோண்டினார்கள். பெரியம்மாவின் முதல் கட்டடம் அதுதான்.

அதற்குப் பிறகு அவர் கட்டாதது இல்லை. வேலைத்தளத்துக்குப் போனால் ஒப்பந்தக்காரர்கள் "சார் எப்ப வருவாரும்மா?" என்று கேட்பார்களாம். "சார் வந்து ரொம்ப நேரமாச்சு. நீங்கதான் லேட்டு" என்பாராம். கைப்பையில் எப்போதும் ஒரு தூக்குக்குண்டு வைத்திருப்பார். நூலில் கட்டித் தொங்கவிட்டு, சுவர் நேராக நிற்கிறதா என்று பார்க்கிற இரும்புக் குண்டு. ஒருமுறை ஒரு மேஸ்திரி, "கொஞ்சமாத்தானே மேடம் சாஞ்சிருக்கு" என்று மழுப்பினார். "நீயும்தான் காலையிலேர்ந்து கொஞ்சம் சாஞ்சிருக்க. உன்னை யாரும் கூரையைத் தாங்கச் சொல்லலியே" என்றார் பெரியம்மா. அந்தச் சுவரை இடித்துவிட்டு மறுபடி எழுப்பினார்கள்.

பிரசவ மருத்துவமனை கட்டியபோது, ஜன்னல் எந்த உயரத்தில் வேண்டும் என்று பார்க்க, சிமெண்டுத் தூசியில் மல்லாந்து படுத்து, கண்ணுக்கு நேராகச் சுவரில் சுண்ணாம்பால் கோடு போட்டார். படுத்திருக்கிற தாய்க்கு மரம் தெரிய வேண்டும்; எழுந்து நிற்கிற டாக்டருக்குத் தெரியாவிட்டால் பரவாயில்லை. மீன் சந்தை கட்டினார். எவ்வளவு ஐஸ் உருகினாலும் வாங்க வருபவர்களின் கால் நனையாது. தண்ணீர் எங்கே வரும், எங்கே போகும் என்பது அவருக்கு அத்துப்படி.

அப்படிப்பட்டவர்தான் சொந்தத் தங்கைக்கு அந்த வீட்டைக் கட்டிக் கொடுத்தார்.

அம்மா கேட்டது ரொம்பக் கொஞ்சம். ஒழுங்கான கூரை, துணி காயப்போட ஓர் இடம், பாத்திரம் துலக்கும்போது தெருவைப் பார்க்க ஒரு ஜன்னல். பெரியம்மா அந்தச் சமயத்தில் ஏதோ வெளிநாட்டுப் பத்திரிகையில், சிறகு விரித்த பறவை மாதிரி ஒரு கூரையைப் பார்த்திருந்தார். எல்லா வீட்டிலும் கூரை நடுவில் உயர்ந்து இரண்டு பக்கமும் சரியும். எங்கள் வீட்டில் இரண்டு பக்கமும் உயர்ந்து நடுவில் சரிந்தது. ஊரில் பெய்கிற மழை முழுக்க எங்கள் கூடத்துக்கு நேர் மேலே வந்து கூடி, பின்பக்கம் இருந்த ஒரே ஒரு குழாய் வழியாக வெளியேற வேண்டும். இரண்டு இலை விழுந்தால் அடைத்துக்கொள்ளும். முன்பக்கமும் ஒரு குழாய் வைத்திருக்கலாம். முகப்பின் அழகு கெட்டுவிடும் என்று விட்டுவிட்டார். சமையலறை ஜன்னலும் அதே அழகுக்குப் பலியாகி, உத்தரத்தை ஒட்டி மேலே போய்விட்டது. தெருவில் யாராவது சண்டை போட்டால் அம்மா முக்காலி மேல் ஏறித்தான் பார்க்க வேண்டும்.

அப்பா சாது. மழைக்காலத்தில் கூடத்தில் குடை பிடித்துக்கொண்டு செய்தித்தாள் படிப்பார். எங்கே வாளி, எங்கே அண்டா, எங்கே குண்டான் என்று அவருக்கு மனப்பாடம். ஒருநாள் பெரியம்மா சாப்பிட வந்திருந்தபோது மழை பிடித்தது. முதல் சொட்டு விழுந்ததும் அப்பா அண்ணாந்து பார்த்து, "பறவை ஒண்ணுக்குப் போக ஆரம்பிச்சிடுச்சு" என்றார்.

அம்மா சிரித்துவிட்டாள். வாயிலிருந்த சோறு தெறிக்கச் சிரித்தாள். பெரியம்மா கையைக் கழுவிக்கொண்டு எழுந்து போய்விட்டார்.

அதற்கப்புறம் அக்காவும் தங்கையும் அந்த வீட்டைப் பற்றிப் பேசியதே இல்லை. மற்ற எல்லாவற்றையும் பற்றிச் சண்டை போட்டார்கள்; அதை மட்டும் தொட மாட்டார்கள். அப்பா போன பிறகு அம்மா வீட்டை ஒரு பேக்கரிக்காரருக்கு விற்றுவிட்டு என்னோடு வந்துவிட்டாள்.

பெரியம்மா அலுவலகத்தை மூடியபோது பல்கலைக்கழகத்தின் ஆவணக் காப்பகம் வேன் அனுப்பி, அவருடைய வரைபடச் சுருள்கள் அத்தனையையும் அள்ளிக்கொண்டு போனது. காப்பாளர் ஒரு பெண்மணி. வெள்ளைக் கையுறை, தாழ்ந்த குரல். வரைபடங்களைக் கைக்குழந்தை மாதிரி இரண்டு கையாலும் ஏந்திப் போனார். எல்லாவற்றையும் குளிரூட்டிய அறையில் வைத்திருப்பதாகக் கேள்விப்பட்டதும் பெரியம்மா, "என் பேப்பருக்கு ஏசி போட்டிருக்காங்க. எனக்கு ஒரு ஃபேன் கூட ஒழுங்கா ஓடல" என்றார்.

முனைவரின் கட்டுரைக்கு வந்த வரவேற்பில் காப்பகம் ஒரு கண்காட்சி வைத்தது. திறப்பு விழாவுக்கு நாங்கள் மூவரும் போனோம். பெரியம்மா நேராகப் போய் நின்றது ஒரு மூலையில். கல்லூரிக் கழிப்பறையின் வரைபடத்தை அங்கே மாட்டியிருந்தார்கள். கீழே "மாணவப் பருவப் பயிற்சி: ஒரு சேவைக் கட்டடம்" என்று அட்டை.

"சேவைக் கட்டடமா?" என்றார் பெரியம்மா. "தம்பி, இங்க வாங்க. கக்கூஸ்னு போடுங்க."

"மேடம், கண்காட்சியில அந்த வார்த்தை..." என்று இழுத்தார் முனைவர்.

"அதை யூஸ் பண்ணவங்களுக்கு அது என்னன்னு தெரியும். நீங்க எதுக்கு வெக்கப்படுறீங்க?"

முனைவர் மூக்குக் கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்தார். அதற்குள் நடுக்கூடத்தில் சிரிப்புச் சத்தம் கேட்டது. பார்த்தால், எங்கள் வீட்டின் வரைபடம். சுவரில் ஆளுயரத்துக்கு விரித்து, தனி விளக்குப் போட்டு வைத்திருந்தார்கள். பார்க்க அழகாகத்தான் இருந்தது, மறுக்க முடியாது. மெல்லிய கோடுகளில் அந்தப் பறவை இப்போதுதான் பறக்கப் போகிற மாதிரி இருந்தது. அதன் முன்னால் அம்மா நின்றுகொண்டு, கைப்பையின் வாரால் சுட்டிக் காட்டி, கூடியிருந்தவர்களுக்குப் பாடம் எடுத்துக்கொண்டிருந்தாள்.

"இங்க வாளி. இங்க பெரிய அண்டா. இந்த இடம் ரொம்ப மோசம், இங்க கட்டில் போட்டா தலையில சொட்டும், திருப்பிப் போட்டா கால்ல சொட்டும். எங்க வீட்டுக்காரர் கால்ல சொட்டினா போதும்னு முடிவு பண்ணிட்டார்."

பெரியம்மாவின் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் போனார்.

"இலையை எடுத்துவிடச் சொன்னேன்ல? எடுத்தியாடி?"

"கூரை மேல ஏறியா? ஏறுறதுக்கு ஏணி வச்சுக் கட்டினியா நீ?"

"மாசத்துக்கு ஒரு தடவை ஒரு ஆளைக் கூப்பிட்டுச் சுத்தம் பண்ணினா..."

"வீட்டைக் கட்டச் சொன்னா யானையைக் கட்டிக் கொடுத்திருக்க. அதுக்கு ஒரு பாகனும் வைக்கணுமா?"

பார்வையாளர்கள் இது நிகழ்ச்சியின் ஒரு பகுதி என்று நினைத்துக் கைதட்டினார்கள். கைதட்டல் நின்றதும் பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. "அம்மா சொல்றது சரிதாங்க. இப்பவும் அங்கதான் வாளி வைக்கிறோம்." பேக்கரிக்காரர். இப்போதைய உரிமையாளர் என்ற முறையில் அவரையும் மரியாதையாக அழைத்திருந்தார்கள். "ஆனா இன்னும் கொஞ்ச நாள்தான். இடிச்சுட்டு வேற கட்டப் போறேன். நகராட்சில எழுதிக் கொடுத்தாச்சு."

முனைவருக்கு மயக்கம் வராத குறை. கையிலிருந்த பழரசத்தை யாரிடமோ கொடுத்துவிட்டு, அங்கேயே போனை எடுத்து எங்கெங்கோ பேச ஆரம்பித்தார்.

வீட்டை இடிக்கக் கூடாது என்று அவர் எழுதிய மனு பாரம்பரியக் கட்டடங்களுக்கான குழுவின் முன்னால் வந்தது. நகராட்சிக் கட்டடத்தில் நீண்ட மேசை, தண்ணீர் பாட்டில்கள், தூக்கம் வழிகிற முகங்கள். முனைவர் படங்கள் போட்டு நெடுநேரம் பேசினார். முகப்பின் மௌனம் என்று ஒன்றைப் பற்றிச் சொன்னார். ஓர் ஓட்டையும் துருத்தலும் இல்லாமல் அந்த முன்சுவர் உலகத்திடம் பேச மறுக்கிறதாம். அப்புறம் தலைவர் பெரியம்மாவைப் பார்த்து, "நீங்க சொல்லுங்கம்மா. உங்க படைப்பு. எங்களுக்கு உங்க வார்த்தைதான் முக்கியம்" என்றார்.

பெரியம்மா எழுந்தார். "இடிச்சுடுங்க" என்றார்.

தலைவருக்குத் தூக்கம் போய்விட்டது.

"மத்தவங்களுக்கெல்லாம் ஒழுங்காத்தான் கட்டினேன். ஆஸ்பத்திரி, ஸ்கூல், சந்தை, எதுலயும் ஒரு குறை சொல்ல முடியாது. சொந்தத் தங்கச்சிக்குத்தான் கலை பண்ணிட்டேன். அவ ஜன்னல் கேட்டா, நான் பறவை கொடுத்தேன். அந்த வீடு நிக்கிற ஒவ்வொரு நாளும் எனக்கு அசிங்கமா இருக்கு. பாவம், அந்த மனுஷன் பிரட் விக்கிறவர். நிம்மதியா ஒரு வீடு கட்டிக்கட்டும்."

பேக்கரிக்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். முனைவரும் துடைத்துக்கொண்டார், வேறு காரணத்துக்காக. விஷயம் முடிந்தது என்று தலைவர் பேனாவை எடுத்தபோது அம்மா நாற்காலியைச் சத்தமாக நகர்த்திக்கொண்டு எழுந்தாள்.

"இடிக்கக் கூடாது."

"நீங்க யாரும்மா?"

"நான்தான் நனைஞ்சவ."

"அப்ப வீடு ஒழுகாதுங்கறீங்களா?"

"ஒழுகும். நல்லாவே ஒழுகும். அதனாலதான் சொல்றேன். நல்லாக் கட்டினது எல்லாம் எங்க அக்கா பேரைச் சொல்லிக்கிட்டு ஊர் பூரா நிக்குது. தப்பாக் கட்டினதை மட்டும் இடிச்சுத் தள்ளிட்டு, தப்பே பண்ணாத மகராசின்னு போயிடலாம்னு பாக்கறா. அதெல்லாம் நடக்காது. அதுவும் நிக்கட்டும். வர்றவங்க போறவங்க பாக்கட்டும்." கொஞ்சம் மூச்சு வாங்கினாள். "அதுவுமில்லாம, அந்தக் கூடத்துலதான் அவர் குடை பிடிச்சுக்கிட்டு உக்காந்திருப்பார். அதை இடிக்க எவனுக்கும் நான் சம்மதம் கொடுக்கல."

அவளுடைய சம்மதத்தை யாரும் கேட்கவில்லை. வீட்டை விற்று எவ்வளவோ காலமாயிற்று. ஆனால் அதை எடுத்துச் சொல்ல அந்த மேசையில் இருந்த யாருக்கும் துணிச்சல் வரவில்லை. பெரியம்மா தலையைக் குனிந்துகொண்டு மேசை விரிப்பின் நூலைப் பிரித்துக்கொண்டிருந்தார். கட்டடத்தைப் பாதுகாக்க வேண்டும் என்று குழு முடிவெடுத்தது.

அடுத்த மழையன்று பேக்கரிக்காரர் பெரியம்மாவின் வீட்டுக்கு வந்தார். கையில் ஒரு பிளாஸ்டிக் வாளி. அதை மேசை மேல் வைத்தார்.

"இந்தாங்க மேடம். உங்க படைப்போட ஒரு பகுதி. இதையும் ஏசி ரூம்ல வையுங்க. என்னால இனிமே இடிக்கவும் முடியாது, இருக்கவும் முடியாது. என் பொண்டாட்டி அவங்க அம்மா வீட்டுக்குப் போறேங்கறா."

பெரியம்மாவுக்கு இது உறைத்தது. அன்றே காகிதத்தை விரித்தார். கூரையின் நடுப்பள்ளத்தை அகலமாக்கி, முன்பக்கம் இரண்டாவதாக ஒரு மழைத்தண்ணீர்க் குழாயை வைத்தால் போதும். ஒன்று அடைத்தாலும் இன்னொன்று இழுத்துக்கொள்ளும். எளிய வேலை. அனுமதி கேட்டுக் குழுவுக்கு அனுப்பினார். முடியாது என்று பதில் வந்தது. பாதுகாக்கப்பட்ட கட்டடத்தில், கட்டடக் கலைஞர் கையொப்பமிட்டுக் காப்பகத்தில் உள்ள அசல் வரைபடத்தில் இல்லாத எதையும் சேர்க்கக் கூடாது. குழுவுக்கு ஆலோசகர் வேறு யார், நம் முனைவர்தான்.

"மேடம், முன்னாடி குழாய் வந்தா அந்த முகப்போட மௌனம் கலைஞ்சிடும்" என்றார் போனில்.

"மழை வந்தா அது உள்ள எவ்வளவு பேசுதுன்னு ஒரு நாள் வந்து கேளுங்க" என்று வைத்துவிட்டார் பெரியம்மா. பிறகு என்னைக் கூப்பிட்டார். "நாளைக்கு கிளினிக் லீவா? என்னைக் காப்பகத்துக்குக் கூட்டிட்டுப் போ. அசல்ல இல்லன்னுதானே சொல்றாங்க? இருக்க வச்சிடுவோம்."

"பெரியம்மா, அது தப்பு."

"என் டிராயிங். நான் போட்டது. இன்னும் முடிக்கல, அவ்வளவுதான்."

எப்படியோ அம்மாவுக்கு மூக்கில் வியர்த்துவிட்டது. மறுநாள் காலையில் செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றாள். "காப்பாளரை நான் பாத்துக்கறேன்" என்றாள். ஒரு பல் டாக்டரும் இரண்டு கிழவிகளுமாகத் திருடக் கிளம்பினோம். திருட்டு என்றும் சொல்ல முடியாது; எடுக்கப் போகவில்லை, வைக்கத்தானே போனோம்.

காப்பகத்தின் வாசிப்பு அறையில் கட்டுப்பாடு அதிகம். பை கூடாது, தண்ணீர் கூடாது, பேனா கூடவே கூடாது. பென்சில் மட்டும் வைத்துக்கொள்ளலாம். அதையும் அவர்களே தருவார்கள். பெரியம்மா அந்தப் பென்சிலைக் கூர் பார்த்துவிட்டு, "நல்ல பென்சில்" என்று என்னைப் பார்த்துக் கண்ணடித்தார்.

காப்பாளர் வரைபடத்தைக் கொண்டுவந்து மேசையில் விரித்து, நான்கு மூலையிலும் சிறு மணல் பைகளை வைத்தார். அம்மா உடனே அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இந்தக் கிளவுஸ் எங்கம்மா வாங்கினீங்க? வெள்ளையா இருக்கே, எப்படித் துவைக்கிறீங்க? என் கல்யாணப் புடவையில பூச்சி அரிச்சிருக்கு. நீங்க இதையெல்லாம் பாத்துக்கறவங்க. எனக்கு ஒரு வழி சொல்லுங்களேன்." பேசிக்கொண்டே அவரை அலமாரிப் பக்கம் நடத்திக்கொண்டு போனாள்.

பெரியம்மா குனிந்தார். பென்சில் முனை காகிதத்துக்கு மேலே நின்று நடுங்கியது. ஒரு தடவை எடுத்தார், மறுபடி வைத்தார். நடுக்கம் நிற்கவில்லை.

"சே" என்றார். "இந்தக் கையை வச்சுக்கிட்டு நான் கையெழுத்துதான் போட முடியும், கோடு போட முடியாது. நீ போடு."

"நானா?"

"பல்லுக்குள்ள ஓட்டை போடுற கைதானே? இது அதைவிடப் பெரிய இடம். போடு."

வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் அந்த வீட்டில் என் பள்ளிப் புத்தகங்கள் எத்தனை ஊறிப்போயிருக்கின்றன என்று நினைத்தேன். பென்சிலை வாங்கினேன். பெரியம்மா நகத்தால் காட்டிய இடத்தில், இரண்டு சிறகும் சந்திக்கிற பள்ளத்தின் முன் விளிம்பில், ஒரு குழாய் வரைந்தேன். "இன்னும் கொஞ்சம் நீட்டு. சுவர்ல வழியாம தள்ளி விழணும்" என்றார். நீட்டினேன். பறவைக்கு அலகு வைத்த மாதிரி இருந்தது.

"என்ன பண்றீங்க?"

காப்பாளர் எங்களுக்குப் பின்னால் நின்றார். அம்மா அலமாரிப் பக்கத்திலிருந்து "ரொம்ப வேகமா நடக்கறாங்க, நான் என்ன பண்ணட்டும்?" என்று கையை விரித்தாள்.

கையும் களவுமாக என்பார்களே, பென்சில் என் கையில்தான் இருந்தது. பெரியம்மா கொஞ்சமும் அசரவில்லை. "இது முன்னாடியே இருந்த கோடுதான். மங்கிப் போயிருந்துச்சு."

"மேடம், இந்த டிராயிங்கை நானே ஸ்கேன் பண்ணி வச்சிருக்கேன். மங்கிப் போனதுக்கும் இல்லாததுக்கும் வித்தியாசம் கண்டுபிடிக்கத்தான் எனக்குச் சம்பளம்."

பெரியம்மா நாற்காலியில் சாய்ந்தார். அந்தச் சில விநாடிகளில் அவர் வயது முழுவதும் முகத்தில் வந்து உட்கார்ந்தது.

"சரி. இல்லதான்" என்றார். "இருந்திருக்கணும். அப்பவே எனக்குத் தெரியும். அந்த முகப்புல குழாய் வச்சா படம் கெட்டுப்போயிடும்னு விட்டேன். படத்துலயா இவங்க குடியிருந்தாங்க?"

காப்பாளர் வரைபடத்தின் மேல் குனிந்து என் கோட்டை வெகுநேரம் பார்த்தார். பிறகு நேராக நிமிர்ந்தார்.

"கையெழுத்துப் போடுங்க" என்றார்.

"எதுக்கு? போலீசுக்கா?"

"டிராயிங்ல. ஒளிஞ்சு மறைஞ்சு போட்டா அது சேதம். நான் மேலிடத்துக்குச் சொல்லணும். ஆர்க்கிடெக்ட் தானே வந்து, பேரும் தேதியும் போட்டுத் திருத்தினா அது திருத்தம். அதையும் நான் பத்திரமா வைக்கணும். அதுவும் என் வேலைதான்."

பெரியம்மா அவரை ஏற இறங்கப் பார்த்தார். அப்புறம் நடுங்குகிற கையாலேயே ஓரத்துக் கட்டத்தில் கையெழுத்துப் போட்டார். "வரைந்தவர்" என்ற இடத்தில் என்னைப் போடச் சொன்னார். பல் டாக்டர் என்று குறிப்பிடட்டுமா என்றேன். முறைத்தார். மூன்றாவதாக ஒரு கட்டம் காலியாக இருந்தது. "வீட்டுக்காரர் ஒப்புதல்." அந்தக் காலத்தில் யாரும் அதில் கையெழுத்து வாங்கியிருக்கவில்லை.

"ஏய், இங்க வா. போடு" என்றார் பெரியம்மா.

அம்மா வந்தாள். கண்ணாடியை மாட்டிக்கொண்டு முழு வரைபடத்தையும் ஒரு மூலையிலிருந்து இன்னொரு மூலை வரை பார்த்தாள். "சமையக்கட்டு ஜன்னலைக் கீழ இறக்கு" என்றாள்.

"அது முடியாது. வரிசை கெட்டுடும்."

"அப்ப கையெழுத்து கிடையாது."

"பிடிவாதம் பிடிக்காதடி. நீயா இனிமே அங்க துலக்கப் போற?"

"அந்தப் பேக்கரிக்காரன் பொண்டாட்டி துலக்கறாள்ல? அவளும் முக்காலி போட்டு ஏறணுமா?"

"கொஞ்சமா இறக்கறேன்."

"நெஞ்சு உயரத்துக்கு."

"தோள் உயரம்."

"யார் தோள்? உன் தோளா, என் தோளா? நீ ஒட்டகம்."

"மெதுவாப் பேசுங்க, இது வாசிப்பு அறை" என்றார் காப்பாளர். ஆனால் அவரே ஓர் அளவுகோலை எடுத்து வந்து மேசையில் வைத்தார்.

அம்மாவின் தோள் உயரத்துக்கு ஜன்னல் இறங்கியது. அதையும் நான்தான் வரைந்தேன்.

சான்றிட்ட நகலைப் பார்த்த குழுத் தலைவர், விதி சொல்கிற எல்லாம் இருக்கிறது, என்னை விட்டுவிடுங்கள் என்கிற தோரணையில் அனுமதி கொடுத்தார். முனைவர் இரண்டு நாள் சாப்பிடாமல் இருந்ததாகக் கேள்வி. பிறகு "பிற்காலப் பாணி: மௌனத்திலிருந்து பேச்சுக்கு" என்று இன்னொரு கட்டுரை எழுதினார். முன்னதைவிட நன்றாக வந்திருப்பதாகச் சொல்கிறார்கள். இந்த முறை அடிக்குறிப்பில் அம்மா.

வேலை நடந்தபோது பெரியம்மா தெருவில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, கூரை மேல் இருந்தவர்களைக் கத்திக் கத்தியே ஒரு வழி பண்ணினார். முதல் பெருமழையன்று பேக்கரிக்காரர் எங்களைக் கூப்பிட்டார். போய்க் கூடத்தில் உட்கார்ந்தோம். முன்பக்கக் குழாயிலிருந்து தண்ணீர் அருவி மாதிரி தெருவோரத்தில் விழுந்தது. உள்ளே ஒரு சொட்டுக்கூட இல்லை. அம்மா வெகுநேரம் அண்ணாந்தபடியே இருந்தாள். அவளுக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான்.

"என்னவோ மாதிரி இருக்கு" என்றாள்.

"வேணும்னா சொல்லு, ஒரு ஓட்டை போடச் சொல்றேன்" என்றார் பெரியம்மா. சொல்லிவிட்டு, யாரும் பார்க்காத மாதிரி அம்மாவின் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். நான் பார்த்தேன். அம்மா கையை இழுத்துக்கொள்ளவில்லை.

அதோடு முடிந்தது என்று நினைத்தேன். பெரியம்மாவுக்கோ இப்போது ருசி கண்டுவிட்டது. வாரா வாரம் காப்பகத்துக்குப் போகிறார். பள்ளிக்கூடத்து மாடிப்படியில் சின்னப் பிள்ளைகளுக்கு எட்டுகிற மாதிரி இன்னொரு கைப்பிடி, சந்தையில் மூட்டை இறக்கி வைக்க ஒரு மேடை என்று, தன் பழைய வரைபடங்களை ஒவ்வொன்றாக வெளியே எடுக்கச் சொல்லித் திருத்திக்கொண்டிருக்கிறார். சில இடங்களில் அவற்றைக் கட்டவும் தொடங்கிவிட்டார்கள். அங்கெல்லாம் புழங்குகிறவர்கள் சார்பில் பேச ஓர் ஆள் வேண்டுமே என்று அம்மாவும் கூடவே போகிறாள். மற்ற வாசகர்கள் புகார் செய்ததால் காப்பாளர் அவர்கள் இருவருக்கும் தனியாக ஓர் அறை ஒதுக்கியிருக்கிறார். சாத்தினால் சத்தம் வெளியே கேட்காத கனமான கதவு. அந்தக் கதவு உள்பக்கம் திறக்க வேண்டுமா, வெளிப்பக்கம் திறக்க வேண்டுமா என்று இந்த வாரம் முழுக்கச் சண்டை.